கம்பத்துக்கு அந்தப் பக்கம்

சிட்லபாக்கத்தில் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டிக் குடிவந்தபோது அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இங்கே எந்தக் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வருவேன். பாலன் பிறப்புக்கும் பெரிய வெள்ளிக்கும் சாந்தோமுக்குத்தான் போவேன். நடந்து போகிற தூரத்தில் பங்குக் கோயில் இருக்க, நடுச்சாமத்தில் எதற்கு சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடி, ரயில் பிடித்து, பஸ் மாறி அல்லாட வேண்டும் என்று கேட்டால், "அப்போஸ்தலரை விட்டுட்டு வந்ததே பெரிசு. வருஷத்துக்கு ரெண்டு தடவகூட அவருக்கு முகத்தக் காட்டக் கூடாதா?" என்பார்.

நாங்கள் சாந்தோம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருந்தவர்கள். எண்பதுகளில் வாடகை ஏற ஏற, மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் குடும்பங்கள் பல ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துக்கொண்டு தெற்கே நகர்ந்தன. குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் என்று ஏரிகளுக்கு நடுவே மனை போட்டு விற்ற காலம் அது. அக்கா மட்டும் அங்கேயே வாழ்க்கைப்பட்டு அதே சந்தில் தங்கிவிட்டார். அதனால் ஊரை விட்டு வந்த பிறகும் எங்களுக்கு சாந்தோமில் சாப்பிட ஒரு தட்டும் படுக்க ஒரு பாயும் இருந்தன.

ரயில் பரங்கிமலையைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொள்வார். தோமையார் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் ஈட்டி பாய்ந்து இறந்தார், மயிலாப்பூர்க் கடலோரத்தில் அடக்கமானார். எங்கள் பாட்டி அம்மாவுக்குச் சொல்லி, அம்மா எங்களுக்குச் சொன்ன வரிசை இது. கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கி 72-ல் இங்கே இறந்தார் என்பது திருச்சபை மரபு. வரலாற்று ஆசிரியர்கள் இதில் ஒரு மனதாக இல்லை. அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஆனால் அந்த இடத்துக்கு ஒரு கல்லறை மரபு பழங்காலம் தொட்டே இருந்தது என்பதில் சந்தேகம் குறைவு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமையாரின் உடல் மாபார் நாட்டில் ஒரு சிற்றூரில் இருக்கிறது, வணிகர்கள் அதிகம் போகாத ஊர், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை போகிறார்கள், அந்த மண்ணை எடுத்துக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்கிறார். அம்மாவும் கல்லறைக் குழியிலிருந்து ஒரு சிட்டிகை மண் வைத்திருந்தார், தைல பாட்டிலில். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அது, பிறகுதான் டாக்டர்.

போர்த்துகீசியர்கள் 1517-ஐ ஒட்டி வந்து பார்த்தபோது அந்தக் கல்லறை பாழடைந்து கிடந்தது. 1523-ல் கல்லறையைத் தோண்டிப் பார்த்து அதன்மேல் கோயில் கட்டினார்கள். சுற்றிலும் அவர்களுடைய ஊர் வளர்ந்தது. 1545-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சில மாதங்கள் தங்கினார். மயிலை மாதா சுரூபத்தின் முன் அவர் ஜெபித்தார் என்று சொல்வார்கள். 1606-ல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டம் ஆயிற்று. பிறகு வந்தது அடிதடிக் காலம். 1662-ல் கோல்கொண்டா படை பிடித்தது. 1672-ல் பிரெஞ்சுக்காரன் பிடித்தான். கோல்கொண்டாவும் டச்சுக்காரனும் சேர்ந்து இரண்டு வருஷம் முற்றுகை போட்டு 1674-ல் அவனைத் துரத்தினார்கள். கோட்டை மதிலை இடித்துத் தள்ளினார்கள். 1749-ல் இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான். நூறு வருஷத்துக்குள் அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் எத்தனை தடவை மூட்டை கட்டியிருப்பார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் கணக்கு கிடையாது. கொடி மாறிய கணக்குதான் இருக்கிறது.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு வழக்கும் உண்டு. பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது, இன்றைய கோயில் பிற்பாடு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்பார்கள். சாந்தோம் வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஹாஸ்டன் பாதிரியார் 1920-களில் அங்கே தோண்டி எடுத்தவற்றைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார். கடல் கொண்டதா, போர்த்துகீசியர் இடித்தார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் சந்தில் அந்தச் சண்டை இருந்ததில்லை. அறுபத்து மூவர் அன்று எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு தவலை மோர் போகும்.

இப்போது நாம் பார்க்கிற வெள்ளைக் கோயில் போர்த்துகீசியர் கட்டியது கிடையாது. 1893-ல் பழசை இடித்துவிட்டு, பவர் என்ற ராணுவப் பொறியாளர் கோதிக் பாணியில் புதிதாகக் கட்டினார். 1896 ஏப்ரல் 1-ல் மந்திரித்தார்கள். முன்கோபுரம் 155 அடி. கல்லறைக்கு நேர் மேலே இன்னொரு சின்னக் கோபுரம். 1956-ல் பசிலிக்கா. 1986 பிப்ரவரி 5-ல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது அம்மாவை என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நெடுஞ்சாலைக் கூட்டத்தில் நின்றேன். வெள்ளையாக ஏதோ போயிற்று. அம்மா அழுதுகொண்டே, "பாத்துட்டேன்டா" என்றார்.

அப்போஸ்தலர் கல்லறைமேல் கட்டிய கோயில் உலகத்தில் மூன்றுதான் என்பது எங்கள் ஊர்ப் பெருமை: ரோமில் ராயப்பர், ஸ்பெயினில் யாகப்பர், இங்கே தோமையார். இதைச் சொல்லாத சாந்தோம்காரன் இல்லை. எலும்புகளில் பெரும்பகுதி பழங்காலத்திலேயே எதேசாவுக்குப் போய், 1258 முதல் இத்தாலியின் ஒர்த்தோனாவில் இருக்கிறது என்பதை மட்டும் மெல்லச் சொல்வோம். இங்கே இருப்பது குழியும், ஒரு சிறு எலும்புத் துண்டும், ஈட்டி முனை என்று காட்டப்படும் ஓர் இரும்பும்.

கோயிலின் பின்புறம்தான் எனக்குச் சொல்ல வேண்டிய இடம். அங்கே ஒரு மரக்கம்பம் நிற்கிறது. பக்கத்தில் படிகள் கடற்கரைக்கு இறங்குகின்றன. கம்பத்தின் கதை இப்படி: ஆற்று முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மரம் கிடந்தது. ராஜாவின் யானைகளால் இழுக்க முடியவில்லை. தோமையார் இடுப்புக் கச்சையைக் கட்டி இழுத்தார், மரம் வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு கம்பத்தை நட்டு, கடல் இதைத் தாண்டி வராது என்றார். அம்மா இதைச் சொல்லும்போது கடைசி வாக்கியத்துக்குக் கையைத் தரையில் ஊன்றிக் காட்டுவார்.

படியில் இறங்கினால் குப்பங்கள். வடக்கே நொச்சிக்குப்பம், தெற்கே டுமீல் குப்பம், அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி சீனிவாசபுரம். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா அந்தப் பக்கத்துக்காரர். அம்மாவைவிட ஏழெட்டு வயது சின்னவர். வஞ்சிரத்துக்கு ஊருக்கு ஒரு விலை, அம்மாவுக்கு ஒரு விலை. கோயிலுக்குள் வந்து மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார். ஆடியில் கூழ் ஊற்றுவார். நாங்கள் சிட்லபாக்கம் வந்தபோது, "அங்க இன்னா மீனு கெடைக்கும்? ஏரி மீனு! கெளுத்தி துன்னுங்க போங்க" என்று வழியனுப்பியவர்.

2004 கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மறுநாள் ஞாயிறு. காலை ஆறரை மணி வாக்கில் கட்டில் லேசாக ஆடியது. சுவரில் மாட்டியிருந்த நட்சத்திர விளக்கு ஆடியதை எல்லோரும் பார்த்தோம். "லாரி போயிருக்கும்" என்றார் மாமா, அக்காவின் கணவர். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. குளித்து, முந்தைய நாள் போட்ட அதே புதுத் துணியை மடிப்புக் கலையாமல் மறுபடி போட்டுக்கொண்டு பூசைக்குப் போனோம்.

பூசை நடந்துகொண்டிருந்தபோது பின்பக்கமிருந்து ஒரு இரைச்சல். கூட்டம் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். அப்புறம் ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். இடுப்புக்குக் கீழே சேலை கறுப்பாக நனைந்திருந்தது. "கடலு உள்ள வந்துட்சி" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்றே இல்லாமல், சத்தம்கூடப் போடாமல் சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. கடல் அங்கேதானே இருக்கிறது, உள்ளே வருவது என்றால் என்ன?

நானும் மாமாவும் கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினோம். கம்பத்துப் பக்கம் நின்று பார்த்தால் தினம் பார்க்கிற மணல் இல்லை. சேறு கலந்த கறுத்த தண்ணீர், நுரைகூடக் கறுப்பு. அது திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. போகிற வேகம் வந்ததைவிடப் பயங்கரமாக இருந்தது. ஒரு ஃபைபர் போட் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. வலைகள் சுருண்டு, ஒரு டிவிஎஸ் வண்டியை, ஒரு பீரோவை, ஒரு குடத்தைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தன. டீசல் நாற்றம். படிகளில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். குழந்தைகளைத் தூக்கியவர்கள், கிழவிகளை இழுத்து வருகிறவர்கள். யாரும் கதறவில்லை என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கதறல் மதியத்துக்கு மேல் வந்தது, பெயர்களைச் சொல்லித் தேட ஆரம்பித்த பிறகு.

மீன்காரம்மா வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பால் கவர். அதற்குள் ரேஷன் கார்டு. வீட்டில் இருந்த எதை எடுக்க வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் கைக்குத் தோன்றியது அதுதான். மகளும் மகளின் மூத்த பெண்ணும் பக்கத்தில் இருந்தார்கள். மகன் கடலுக்குப் போயிருந்தான். நடுக்கடலுக்குப் போனவர்கள் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை, படகுக்கு அடியில் ஏதோ லேசாகத் தூக்கிப் போட்டதாகச் சொன்னார்கள், மத்தியானம் கரை தேடி வந்தார்கள். மகளின் இரண்டாவது பையன் காணவில்லை. நாலு வயது. மறுநாள் கிடைத்தான்.

அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜெபமாலை கையில் இருந்தது. ஜெபம் சொன்னதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் கோயில் வளாகமும் பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் நிரம்பிவிட்டன. நூற்றுக்கணக்கானவர்கள். வகுப்பறை பெஞ்சுகளை ஓரம் கட்டினார்கள். மயிலாப்பூர் வீடுகளிலிருந்து எலுமிச்சம்பழச் சாதமும் தயிர்ச் சாதமும் பொட்டலம் பொட்டலமாக வந்தன. எந்தக் கோயில்காரர், எந்தத் தெருக்காரர் என்று பார்க்காமல் வந்தன, அதைச் சொல்லியே ஆக வேண்டும். துணிகளும் வந்தன. கிழிந்தது, பட்டன் போனது, ஜிப் அறுந்த பேன்ட். தெருவோரம் குவித்துவிட்டுப் போனார்கள். குப்பத்துப் பெண்கள் அந்தக் குவியலைக் காலால்கூடத் தொடவில்லை. நேற்று வரை சொந்தமாகச் சம்பாதித்து உடுத்தியவர்கள் அவர்கள். ஊரெல்லாம் அதைத் திமிர் என்று பேசிற்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

30-ஆம் தேதி இன்னொரு கூத்து. மறுபடி அலை வரலாம் என்று தில்லியிலிருந்து எச்சரிக்கை வர, கடற்கரை முழுக்கச் சிதறியது. அப்போதுதான் மிச்ச சொச்சம் பொறுக்கக் கீழே போயிருந்தவர்கள் விழுந்தடித்துப் படியேறினார்கள். அலை வரவில்லை. அன்று ஓடியதில் கால் பிசகியவர்கள் இருந்தார்கள், பொறுக்கி வைத்த பாத்திரத்தைத் தொலைத்தவர்கள் இருந்தார்கள்.

சென்னையில் இறந்தவர்கள் 206 பேர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000. அதில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,000-க்கு மேல். எங்கள் பக்கம் சீனிவாசபுரத்தில்தான் அடி அதிகம்.

இதற்கிடையில் கம்பத்தின் கதை கிளம்பிவிட்டது. கடல் கோயிலைத் தொடவில்லை, கம்பத்தைத் தாண்டவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், வெளிநாட்டு டிவி வந்தது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வேளாங்கண்ணியிலும் இதே பேச்சுதான்: பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், மாதா கோயிலுக்குள் தண்ணீர் நுழையவில்லை என்று. அங்கே கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தார்கள். அவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தான்.

அம்மாவுக்குக் கம்பம் பொய்யாகப் போகவில்லை என்பதில் பெரிய நிம்மதி. பள்ளிக்கூட வராந்தாவில் மீன்காரம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது வாய் தவறி அதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா கொஞ்சநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கம்பத்துக்கு இந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கமா. நாங்க அந்தப் பக்கம்." கோபமாகச் சொல்லவில்லை. வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி சொன்னார். அம்மா, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?" என்று கேட்டார்.

நான் வேலைக்காலம் முழுக்க லெவல் பார்த்தவன். டம்பி லெவலும் ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு ரோடு, கால்வாய், மனை என்று அளந்த கண். அந்தக் கண்ணுக்குக் கோயில் வளாகம் மேடு, குப்பம் பள்ளம். நடுவில் அந்தப் படிகள். கோட்டையும் கோயிலும் கட்டுகிறவர்கள் மேடு பார்த்துத்தான் கட்டுவார்கள். மேட்டில் இடம் கிடைக்காதவர்களும், கடலைவிட்டுத் தள்ளிப் போனால் பிழைப்பு இல்லாதவர்களும் கீழே இருப்பார்கள். இதற்கு அற்புதம் தேவையில்லை. தோமையாரே அதை வேறு மாதிரிச் சொல்லியிருக்க மாட்டார். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற ஆள் அவர்.

குப்பத்தைக் கடலிலிருந்து விலக்கப் பார்ப்பது அலையோடு தொடங்கிய காரியம் கிடையாது. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், நொச்சிக்குப்பத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. அந்தச் சத்தம் எங்கள் சந்துவரை கேட்டது. அலைக்குப் பிறகு அழகு என்ற பேச்சு போய்ப் பாதுகாப்பு என்ற பேச்சு வந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள் கட்டி, கடலோரக் குப்பங்களிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் குடும்பங்களை ஏற்றி இறக்கினார்கள். கான்கிரீட் வீடு, கரண்ட், பட்டா மாதிரி ஒரு காகிதம். கடல் மட்டும் இல்லை. சாந்தோமிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல்.

மீன்காரம்மாவின் மகள் பேரில் அங்கே வீடு கிடைத்தது. மகன் போகவில்லை, படகை விட்டுவிட்டுப் போய் என்ன செய்வது என்று சீனிவாசபுரத்திலேயே தகரம் போட்டுக்கொண்டான். அந்த அம்மா விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறிப் பட்டினப்பாக்கம் வந்து, ஏலத்தில் மீன் எடுத்து, விற்று, சாயங்காலம் திரும்பினார். கூடையோடு ஏறினால் சில கண்டக்டர்கள் இறக்கிவிடுவார்கள். அந்த வயதில் அது எத்தனை நாள் ஓடும்? கொஞ்ச வருஷத்தில் விட்டுவிட்டார். வட்டக் கருவாடு வாங்கிச் செம்மஞ்சேரிக்குள்ளேயே விற்றார். எங்கள் அம்மா செத்தபோது மேடவாக்கம் வழியாக இரண்டு பஸ் மாறிச் சிட்லபாக்கம் வந்தார். ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு, "இங்கயும் தண்ணிதானா" என்றார்.

2015 டிசம்பர் முதல் தேதி அந்தத் தண்ணீர் வந்தது. நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகளெல்லாம் நிறைந்து நின்றதற்கு மேல், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. எங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்குக் கணுக்கால், பத்து மணிக்கு முழங்கால். கரண்ட் இல்லை, போன் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளின் முதல் மாடி வரை ஏறியது. அங்கே ஆட்களை மீட்டவை பெரும்பாலும் மீனவர்களின் ஃபைபர் படகுகள். குப்பங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முடிச்சூரில் என் தம்பி மகளைக் குழந்தையோடு இறக்கிவிட்ட படகுக்காரரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். "பட்டினப்பாக்கம் சார்" என்றார். டீசலுக்காவது என்று நீட்டிய பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தெருவோரம் கிழிசல் துணியைக் குவித்துவிட்டுப் போன ஊருக்கு அவர்கள் படகைக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் தெருத் தண்ணீர் வடிந்தபோது அது எங்கே போயிற்று என்பதை லெவல்காரனான எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் விழும். சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் தெற்கே முட்டுக்காட்டில் கடல். இந்தப் பாதையின் கடைசிப் பள்ளத்தில்தான் இன்னொரு மறுகுடியேற்றக் குடியிருப்பான கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இருக்கின்றன. கடல் தண்ணீருக்குப் பயந்து கொண்டுபோய் வைத்தவர்களை ஏரித் தண்ணீர் வந்து சேருகிற இடத்தில் வைத்திருக்கிறோம். நாங்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்த நாளில் செம்மஞ்சேரியில் தண்ணீர் நின்றது. போன் கிடைத்ததும் மீன்காரம்மா பேசினார்: "மாடி வூடுன்றதால பொழச்சோம் தம்பி. கீழ்வூட்டு ஆளுங்க எல்லாம் எங்க வூட்லதான்." ரேஷன் கார்டு பத்திரமா என்று கேட்டேன். சிரித்தார்.

அதற்குப் பிறகு சிட்லபாக்கத்துக்கு விமோசனம் வந்தது. குடியிருப்போர் விடாமல் மனு கொடுத்தார்கள், ஏரியில் இறங்கிக் குப்பை பொறுக்கினார்கள், வழக்குப் போட்டார்கள். 25 கோடி ரூபாயில் ஏரியைத் தூர்வாரிக் கரை கட்டினார்கள். இப்போது அங்கே நடைபாதை இருக்கிறது. காலையில் நானும் நடக்கிறேன். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டோம். எழுதத் தெரிந்த, ஓய்வு பெற்ற, ஆபீஸ் வாசல் பழகிய ஆட்கள் இந்த ஊரில் நிறைய. அதுதான் எங்கள் கம்பம். செம்மஞ்சேரியில் அப்படி ஒரு கம்பத்தை யாரும் நடவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து எடுத்தவர்களில் பெரும்பாலோரையும் பெரும்பாக்கத்துக்குத்தான் அனுப்பினார்கள். அதுவும் சதுப்பின் ஓரம்.

சாந்தோமில் படிக்கட்டுக்குக் கீழே இழுபறி தொடர்கிறது. 2023-ல் கடலோர லூப் ரோட்டு மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சென்னை மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர்கள் நடுரோட்டில் மீனைக் கொட்டி மறியல் செய்தார்கள். 2024-ல் நொச்சிக்குப்பத்தில் 300-க்கும் மேற்பட்ட கடைகளோடு கூரை போட்ட மார்க்கெட் திறந்தது. கடை கிடைத்தவர்களுக்கு வெயில் இல்லை. எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

கோயில் 2006-ல் தேசியத் திருத்தலம் ஆனது. கல்லறைக்கு இப்போது தனி வழி. பூசைக்குத் தொந்தரவில்லாமல் வெளியிலிருந்தே இறங்கிப் பார்க்கலாம். சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கின்றன. வழிகாட்டிகள் கம்பத்தைக் காட்டி, சுனாமி இதைத் தாண்டவில்லை என்று ஐந்து பாஷையில் சொல்கிறார்கள். கேட்பவர்கள் கம்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 26 காலையில் குப்பத்துக்காரர்கள் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுகிறார்கள். செம்மஞ்சேரியிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். சாந்தோம் பக்கம் இருப்பவர்கள், கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்து தங்குபவர்கள், அன்று கீழே இறங்கி வாருங்கள். எட்டரைக்கு முன்னால் வந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் அவர்கள் வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.